படையலில் ஒரு போர்விமானம்

படையலுக்கு வாழையிலை போடுகிற இடத்தில் கணவன் சுதாகரன் அந்தப் பொம்மை விமானத்தைக் கொண்டுவந்து வைத்தபோது, வினோதாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. வைத்தது எங்கே? குண்டு விழுந்து செத்துப்போன அவனுடைய அக்கா லோஜனாவின் படத்துக்கு முன்னால்! அதுவும் அவளுடைய திதி நாளில்!

"இஞ்சேருங்கோ, உங்களுக்கென்ன விசரே?"

அவன் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சப்பாணி கட்டி இருந்தபடி, அந்த நீல நிற மாதிரி விமானத்தின் சிறகுகளைப் படத்தைப் பார்த்து மடித்தும் விரித்தும் காட்டினான். பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்புவிப்பதுபோல வாய் முணுமுணுத்தது.

"கோர்செயர். ரெண்டாம் உலகப்போரில கப்பல் தட்டில இருந்து பறந்தது. செட்டை வளைஞ்சிருக்கும், வாலுக்குக் கீழ கொக்கி இருக்கும். இதை வேற ஒண்டெண்டு நினைக்கேலாது."

கனடாவில் வீட்டில் ஓர் அறை முழுக்க இந்தச் சனியன்கள்தான், கண்ணாடி அலுமாரிக்குள் வரிசை வரிசையாக. ஆகாயத்தில் ஒரு சத்தம் கேட்டால் போதும், சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, என்ன விமானம் என்று சொல்வான். பிறகு போனில் தேடி, சொன்னது சரிதானா என்றும் பார்ப்பான். சொன்னது பிழையென்றால் அன்று முழுக்க மனுசன் வாயே திறக்க மாட்டான்.

வினோதாவும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். இனி ஒன்று வாங்கினால் நானும் மகளும் இந்த வீட்டில் இல்லை என்று போன மாதம் சொல்லியும் விட்டாள். நன்றாகத் தலையாட்டினான். ஆட்டிவிட்டு, திதிக்காக ஊருக்கு, மடத்துவெளிக்கு, கொண்டுவந்த பெட்டிக்குள் உடுப்புகளுக்கு நடுவில் இதை ஒளித்துக்கொண்டு வந்திருக்கிறான்!

அவன் குளிக்கக் கிணற்றடிக்குப் போனதும், மாமி சத்தியபாமா குசினிக்குள்ளிருந்து கறிச்சட்டியோடு வந்தார். விமானத்தைக் கண்டார். இப்போது மனுசி வீட்டை இரண்டாக்கப் போகிறார் என்று வினோதா பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமியோ இலையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, விமானத்துக்கு இடம் விட்டார்.

வினோதாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்ன மாமி, நீங்களுமோ? உங்கட பிள்ளையைச் சாகடிச்சது பிளேன். அவர் அதைக் கொண்டந்து அவவின்ர படத்தடியில வைக்கிறார், நீங்கள் இடம் விடுறியள்!"

"வைக்கட்டும் பிள்ளை. ஒவ்வொரு திதிக்கும் அங்கயிருந்து போனில வீடியோவில கூப்பிட்டு, அக்காவின்ர படத்துக்கு ஒண்டு காட்டுறவன். இந்தமுறைதான் கையோட கொண்டு வந்திருக்கிறான்."

"என்னால இனி ஏலாது, மாமி. செத்தவவிலயும் இரக்கமில்லை, இருக்கிற எங்களிலயும் இரக்கமில்லை. திரும்பிப் போனதும் நான் மகளைக் கூட்டிக்கொண்டு தனியப் போறன். இது சத்தியம்."

சொன்னதோடு நிற்கவில்லை. விமானத்தை எடுத்து, நிலத்தில் அடிக்கக் கையை ஓங்கினாள். மாமி பாய்ந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"உடைக்காத பிள்ளை! லோஜனா எப்பிடிச் செத்தவள் எண்டு உனக்கு அவன் என்ன சொன்னவன்?"

"பங்கருக்கு ஓடி வரேக்க, வழியில குண்டு விழுந்தது எண்டு."

"இல்லை. எங்கள் எல்லாருக்கும் முதல் ஓடிப்போய்ப் பங்கர்க் குழிக்குள்ள பதுங்கி இருந்தவள் அவள்தான்."

வினோதாவின் கை தானாகக் கீழே இறங்கியது. கிணற்றடியில் அவன் தண்ணீர் வார்க்கும் சத்தம் கேட்டது.

"அப்ப ஏன் வெளியில வந்தவ?"

மாமி விமானத்தை மெல்ல வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"அப்ப தம்பிக்கு எட்டு வயசு. சத்தத்தை வைச்சே என்ன பிளேன் எண்டு சொல்லுவான். ஒழுங்கையில பெரிய ஆக்களும் அவனைத்தான் கேப்பினம்."

சேலைத் தலைப்பால் மகளின் படத்தைத் துடைத்துக்கொண்டே, கிணற்றடிக்குக் கேட்காமல் சொன்னார்:

"'இது சாமான் ஏத்திற பிளேன், குண்டு போடாது, வெளியில வா அக்கா' எண்டு அவன்தான் கூப்பிட்டவன்."