கை எட்டாத இடம்

சட்டையைக் கழற்றிக் கதவின் மேல் போட்டுவிட்டு, பஸ் டிரைவர் முக்காலியில் வந்து உட்கார்ந்தார். முதுகு மனைவியின் பக்கம், முகம் சுவரின் பக்கம்.

அவர் பேசவில்லை. அவளும் பேசவில்லை. இந்த வீட்டில் இப்போதைக்கு அதுதான் நடைமுறை.

அவள் முதலில் துண்டை எடுத்து, குளித்த ஈரத்தை ஒற்றி எடுத்தாள். ஈரத்தின் மேல் மருந்து போட்டால் வீண் என்று டாக்டர் சொன்னதை அவர் காதில் வாங்கினாரோ இல்லையோ, அவள் வாங்கியிருந்தாள். ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. நழுவுகிற துணியையெல்லாம் தையல் மிஷின் ஊசிக்கு அடியில் கொடுத்து ஒழுங்காக ஓடவைக்கிறவளுக்கு, எதை எப்படித் தொடுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சண்டை வந்ததே அந்தத் தையலால்தான்.

அவளுடைய அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தபோது, இவள் தைப்பதெல்லாம் சும்மா பொழுதுபோக்குக்கு என்று சொல்லிச் சிரித்துவிட்டார் மனுஷர். அண்ணியும் கூடச் சிரித்தாள். அப்போது அவர் போட்டிருந்த சட்டையே அவள் தைத்ததுதான்.

அன்றைக்கு மூடிய வாய். சொன்ன வார்த்தையைத் தப்பு என்று அவர் ஒப்புக்கொள்ளட்டும், அப்புறம் பேசலாம் என்று இருந்துவிட்டாள். அவரோ தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ரகம். சாப்பாடு ஆகிவிட்டது என்றால் அவள் மின்விசிறியிடம் சொல்வாள். உப்பு வேண்டுமென்றால் அவர் கதவிடம் கேட்பார். கட்டில் இவளுக்கு, கூடத்துப் பாய் அவருக்கு.

படர்தாமரை வந்துதான் அவரை வழிக்குக் கொண்டுவந்தது.

ரெக்சின் சீட்டில் சாய்ந்து நாளெல்லாம் வேர்வையில் ஊறுகிற முதுகு. சரியாகக் கை எட்டாத இடமாகப் பார்த்து, நடு முதுகில், சிவந்த விளிம்போடு வட்டமாக வந்து உட்கார்ந்துகொண்டது. முதலில் அவராகவே மருந்துக்கடையில் ஏதோ ஒரு களிம்பை வாங்கி, சீப்பின் முனையில் தடவிப் பூசிப் பார்த்தார். அரிப்பு நின்றது. இவரும் பூசுவதை நிறுத்தினார். போனது இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

ஒருநாள் எருமை மரத்தில் உரசுவது போல, அவர் நிலைவாசலில் முதுகை உரசிக்கொண்டு நின்றார். பார்த்தவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது, கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

"டாக்டர்கிட்ட காட்டி நல்ல மருந்தா வாங்கிட்டு வந்தா, போட்டுவிடலாம்," என்றாள் மின்விசிறியிடம்.

மறுநாளே வாங்கிக்கொண்டு வந்து, டாக்டர் சொன்னதையெல்லாம் கதவிடம் ஒப்பித்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் அவள் ராஜ்ஜியம். அவருக்குத் தனித் துண்டு. பனியனுக்கு வெந்நீர், அப்புறம் நல்ல வெயில். பூசுவதிலும் அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. வட்டத்துக்கு வெளியே கொஞ்சம் தள்ளி, நல்ல தோலில் தொடங்கி உள்ளே வர வேண்டும். துணியில் ஓட்டை விழுந்தால் ஓட்டையை மட்டுமா தைக்கிறோம், சுற்றியிருக்கிற நல்ல துணியையும் பிடித்துத்தானே தைக்கிறோம். தோல் சரியானது போலத் தெரிந்தாலும் உடனே நிறுத்தக் கூடாது, மேலும் இரண்டு வாரம் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் பிடித்தால் உடும்புப்பிடி.

இன்றும் அப்படித்தான் போட்டாள். விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து, வெளியிலிருந்து உள்ளே, மெதுவாக. அவருடைய தோள்கள் இறங்கின. மூச்சு சீரானது. இந்த வீட்டில் அவர் விறைப்பு தளர்வது இந்த நேரத்தில் மட்டும்தான். அவள் அவரைத் தொடுவதும் இந்த நேரத்தில் மட்டும்தான். இது இல்லாவிட்டால் காலைப் பொழுது எப்படிப் போகும் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

விரலுக்கு அடியில் தோல் வழவழவென்று இருந்தது.

வட்டமும் இல்லை, தடிப்பும் இல்லை. அது போய் எவ்வளவோ நாளாகிவிட்டது. டாக்டர் சொன்ன இரண்டு வாரமும் முடிந்து, டியூபும் தீர்ந்துவிட்டது. காலி டியூபை வெட்டுத்துணியில் சுற்றிக் குப்பைக்கூடையின் அடியில் திணித்துவிட்டு, ஊசி குத்திக் காய்த்துப்போன தன் விரல்களுக்குத் தடவும் சாதாரணக் கிரீமைத்தான் அவள் இத்தனை நாளும் அவர் முதுகில் பூசிக்கொண்டிருந்தாள்.

அவரவர் முதுகு அவரவருக்குத் தெரியாது. அந்தத் தைரியம்தான்.

டியூட்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவர் எழுந்திருக்கவில்லை.

"குப்பையக் கொண்டுபோய்க் கொட்டுறது நான்தானே," என்றார். திரும்பாமல்தான் சொன்னார், ஆனால் சொன்னது அவளிடம். "டியூப் தீர்ந்துபோனது அன்னிக்கே தெரியும். உங்க அண்ணன் முன்னாடி நான் அப்படிச் சொன்னது தப்பும்மா."

அவள் விரல் அப்படியே நின்றது. பிறகு இன்னும் கொஞ்சம் கிரீமை எடுத்துக்கொண்டாள்.

"அசையாம உக்காருங்க," என்றாள். "வலது பக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கு."