டீயா, காபியா?

“யாரைக் கேட்டு இந்தக் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்தே?”

மேலாளரின் குரல் கேட்டும் அவள் எழுந்திருக்கவில்லை. சட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் அறை அது. மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அவள் காலர் தைப்பவள். மதிய இடைவேளை முடிய இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

“ஸ்டோர் கீப்பர் அண்ணனைக் கேட்டேன் சார். மூணு மாசமா என் சாப்பாட்டு நேரத்துலதான் படிக்கிறேன்.”

“என்ன படிப்பு?”

“ஜாங்கோ. பைத்தான்ல வெப்சைட் செய்யறது. புதுசா கத்துக்கறவங்களுக்குன்னே நெட்ல இலவசமா பாடம் இருக்கு.”

மேலாளருக்குச் சிரிப்பு வந்தது. மேசைமேல் பாடத்தின் அச்சுத் தாள்கள் கிடந்தன. மெஷினிலேயே விளிம்பு தைத்து நோட்டாக்கியிருந்தாள். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கிறுக்கல்.

“மூணு மாசமா இதைக் கட்டிக்கிட்டு அழுது, என்ன கிழிச்சே?”

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். ‘டீயா, காபியா?’ கீழே இரண்டு பட்டன்கள். அவ்வளவுதான்.

“இவ்வளவுதானா? எல்.கே.ஜி. படிக்கிற என் பொண்ணு இதைவிட நல்லா பண்ணுவா.”

“முதல் பாடமே ஓட்டெடுப்புதான் சார். கேள்வி கேட்கணும், பதிலை எண்ணணும். எல்லாரும் போன்ல அமுக்கிப் பார்க்கிறாங்க. சரியா எண்ணுது.”

“சட்டை தைக்க வந்தவ சட்டையைத் தைச்சா போதும்.”

“ரெண்டும் தெரிஞ்சா தப்பா சார்?” பார்வையைத் தாழ்த்தாமல்தான் கேட்டாள்.

அந்தத் திமிர் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் விளையாட்டாகக் குனிந்து ‘காபி’யை அமுக்கினார். எண்ணிக்கை ஒன்று கூடியது.

“நல்லா விளையாடுங்க. மணி அடிச்சா மட்டும் எல்லாரும் மெஷின்ல இருக்கணும்.”

மறுநாள் மதியம் மணி அடித்தது. எல்லாரும் மெஷினில்தான் இருந்தார்கள். கைகள் மடியில் இருந்தன. ஒரு மெஷினும் ஓடவில்லை.

பதறி ஓடிவந்த மேலாளரிடம் சூப்பர்வைசர் தன் போனை நீட்டினார். அதே பக்கம், அதே இரண்டு பட்டன்கள். கேள்விதான் வேறு.

‘தீப்பிடித்தால் தப்பிக்க இருக்கும் பின்கதவின் பூட்டை எடுக்கும்வரை தைப்பதில்லை. சம்மதமா?’

ஆம், முந்நூற்றுப் பதினெட்டு. இல்லை, ஆறு.

போன மாதம் இதையே கேட்டு ஒரு மனு வந்திருந்தது. அதில் கையெழுத்துப் போட்ட ஒன்பது பேரையும் மேலாளர் வேலையை விட்டு அனுப்பியிருந்தார்.

நேராக அவளிடம் போனார். “யார் யார் ‘ஆம்’ போட்டது? பேர் லிஸ்ட் இப்பவே என் கைக்கு வரணும்.”

“பேரைச் சேமிச்சு வைக்கிறது அடுத்த பாடம் சார்,” என்றாள் அவள். “அதை மட்டும் நான் வேணும்னே படிக்கலை.”