நாற்பது குறிச்சொல் கட்டிய ரசக்குறிப்பு

இந்தக் கதை நாகர்கோவில் அச்சகமொன்றில் பிழைதிருத்துநராக இருந்த செல்வநாயகி 2014 ஐப்பசியில் சொல்லக் கேட்டது.

ஒரு வலைப்பதிவில், காய்ச்சலில் கிடந்த தம்பிக்காக அக்காள் ஒருத்தி எழுதிய மிளகு ரசக்குறிப்பு இருந்தது. யாரும் படிக்காத பதிவுகள் வெள்ளியன்று நீக்கப்படும் என்று அறிவிப்பு வந்ததும் அது தான் அடங்கியிருந்த சமையல் வகையிடம் ஓடியது.

"பேசாமல் என்னோடு இரு கண்ணு," என்றது சமையல் வகை.

"உங்களோடுதான் முந்நூறு பேர் இருக்கிறோமே அத்தை! அதில் என்னை யார் பார்ப்பார்கள்?"

"அப்படிக் கேளடி!" என்று குறுக்கே வந்தது, தேடுவோருக்குப் பதிவைக் காட்டிக்கொடுக்கும் குறிச்சொல். "வகை ஒன்றுதான் வாய்க்கும். எங்களை எத்தனை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம்."

மழை, திருமணம், கிரிக்கெட் என்று குறிப்பு நாற்பது கட்டிக்கொண்டது.

"காய்ச்சலை விட்டுவிட்டாயே?" என்றது வகை.

"நோயை யார் அத்தை ஆசைப்பட்டுத் தேடுவார்கள்?"

கிரிக்கெட் தேடி வந்தவர்கள் ரசம் என்ற தலைப்பைப் பார்த்ததுமே திரும்பினார்கள். வியாழன் மாலை ஒருவன் வந்து 'காய்ச்சல்' என்ற குறிச்சொல்லைத் தேடினான். ஒன்றும் கிடைக்காமல் போய்விட்டான். மறுநாள் குறிப்பு நீக்கப்பட்டது.

மதுரைப் பக்கத்தார், அவன் சமையல் வகைக்குள் புகுந்து முந்நூறையும் புரட்டிக் குறிப்பைக் கண்டெடுத்ததாக முடிக்கிறார்கள். வந்தவன் அந்தத் தம்பிதான் என்பதில் மட்டும் இரு சாராரும் ஒன்றுபடுகிறார்கள்.