குழந்தையை வாங்கும் முன்

மகளின் காதல் கல்யாணத்துக்குப் பிறகு மூன்று வருடம் அவளோடு பேசாமலிருந்த அப்பா ஏகாம்பரம், பேத்தியைப் பார்க்க வீடு தேடி வந்திருந்தார். செண்பகவல்லி ஐந்து மாதக் குழந்தையை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. வலது கை சட்டைக்கு மேலாக இடுப்பை அழுத்திக்கொண்டிருந்தது.

"செத்த இரும்மா, வந்துடறேன்" என்று வெளியே போய்விட்டார்.

"இன்னும் கோபம் தீரலையோ?" என்றான் அவள் கணவன்.

அவளுக்கு அது கோபமாகத் தெரியவில்லை. அந்தக் கை எதை மறைத்தது? ஜன்னலுக்குப் போனாள். காருக்குள் அப்பா சட்டையைத் தூக்கிக் கைத்துப்பாக்கி ஒன்றை எடுத்தார். அவருடைய நகைக்கடையில் கொள்ளை போனபின் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கியதாக அம்மா போனில் சொல்லியிருந்தாள். குழலைத் தரையை நோக்கிப் பிடித்துக்கொண்டு தோட்டாக்களை உருவினார். உள்ளே ஒன்றும் தங்கவில்லையே என்று கண்ணால் பார்த்தார், விரலை விட்டும் பார்த்தார். இருக்கைக்கு அடியிலிருந்த இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தார். பிறகு வாசல் குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார்.

உள்ளே வந்தவர் ஈரம் சொட்ட இரண்டு கைகளையும் நீட்டினார். "இப்பக் குடும்மா."

குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கேட்டார்: "பேரு என்ன வச்சிருக்கீங்க?"

"இன்னும் வைக்கலப்பா, நீங்க வரட்டும்னு இருந்தோம்" என்றாள் செண்பகவல்லி.