சுருக்கிச் சொன்னது

"இந்த முறையும் சமஷ்டி எண்டுதான் சொல்லப்போறாரோ, மாஸ்டர்?"

"வேற என்னத்தைச் சொல்லப்போறார், செல்வமலரக்கா? இதுக்கு முதல் நான் மொழிபெயர்த்த ஏழு வெளிநாட்டுத் தூதர்மாரும் அதைத்தான் சொன்னவை. இவர் வாய் திறக்க முன்னமே நான் தமிழில சொல்லிப்போடுவன்."

செல்வமலர் சிரித்தாள். நாயகம் மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. மல்லாகத்து அகதி முகாமில் காலை எட்டு மணியிலிருந்து மொழிபெயர்த்து நாக்கு வறண்டுவிட்டது. முப்பத்தெட்டுப் பேர் முடிந்தாயிற்று. தூதர் தேநீர் குடித்து முடித்ததும் இவள்தான் கடைசி.

"உங்களுக்கும் ஆமி பிடிச்ச காணிதானே அக்கா?"

"காணி கிடக்கட்டும் மாஸ்டர். கிணத்தடிக்குச் சீமெந்து பூசின அண்டைக்கு என்ர வதனி, மூண்டு வயசு, காய முன்னம் மிதிச்சுப்போட்டாள். என்ர மனுசன் அடிக்கப் போனவர், நான்தான் மறிச்சனான். இடது காலில ஆறு விரல் அவளுக்கு. ஆறும் அப்பிடியே பதிஞ்சு கிடந்தது." அவள் குரல் இறங்கியது. "தொண்ணூறில ஓடேக்க வழியில செல் குண்டு விழுந்து பிள்ளை செத்துப்போனாள். ஒரு படம்கூட எடுத்துக்கொண்டு வரேல்லை. இருபத்தினாலு வருசமாச்சு, முகம் மறந்துபோகுது மாஸ்டர். அந்தக் கால் தடத்தை ஒருக்காப் பாக்க விட்டாக் காணும்."

"அங்க வீடு ஒண்டும் மிச்சமில்லை, எல்லாம் கண்ணிவெடி எண்டெல்லோ கந்தோரில அதிகாரிமார் சொன்னவை?"

"கிணத்தடி கிடக்கும்தானே. நிலத்தை என்ன செய்யிறது?"

தூதர் வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷன், ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துத்தான் கேட்டார். செல்வமலர் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாஸ்டர் ஆங்கிலத்தில் ஒரே வரியில் முடித்தார். இவருடைய காணியும் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருக்கிறது, திரும்பக் கேட்கிறார்.

"என்ன மாஸ்டர், நான் இவ்வளவு நேரம் சொன்னன். நீங்கள் அரைவரியில முடிச்சுப்போட்டியள்?"

"இங்கிலீசு அப்பிடித்தான் அக்கா. சுருக்கம்."

"பிள்ளையின்ர காலையும் சொன்னனீங்களோ?"

"சொன்னனான், சொன்னனான்."

சொல்லவில்லை. முப்பத்தெட்டுப் பேரின் கண்ணீருக்குப் பிறகு, ஆறு விரலை எங்கே கொண்டுபோய்ச் சொருகுவது என்று அவருக்கு அலுப்பாக இருந்தது. சொன்னால் மட்டும் என்ன ஆகிவிடப்போகிறது?

தூதர் தலையசைத்துவிட்டு ஆரம்பித்தார். ஒன்றுபட்ட நாட்டுக்குள் கூட்டாட்சி முறையான சமஷ்டித் தீர்வு ஒன்றுக்குத் தமது அரசு முழு ஆதரவும் தரும், அதிகாரம் பகிரப்பட்டால் காணிப் பிரச்சினையும் தீர்ந்துவிடும் என்றார். மாஸ்டர் யோசிக்காமலே தமிழில் ஒப்புவித்தார்.

"அதுவரைக்கும் அந்தச் சீமெந்து கிடக்குமோ எண்டு கேளுங்கோ" என்றாள் செல்வமலர்.

மாஸ்டர் அதைக் கேட்கவில்லை. "நன்றி சொல்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

கூட்டம் கலைந்தது. தூதர் மாஸ்டரின் தோளில் கை போட்டு ஆங்கிலத்தில் பேசினார்; மாஸ்டருக்கு அது தமிழாகவே கேட்டது.

"நல்லாக் களைச்சுப்போனீங்கள். நேற்று நானும் இப்பிடித்தான் களைச்சுப் போனன். வலயத்துக்குள்ள, கடலோரமாய் ஒரு விருந்தினர் வீட்டில ஆமிக்காரர் தங்க வைச்சவை. பழைய வீடு, திருத்தி வைச்சிருக்கினம். விடியக் கிணத்தில அள்ளிக் குளிச்சன். என்ன தண்ணி! எல்லாக் களைப்பும் போயிட்டுது."

"வலயத்துக்குள்ள வீடா?" என்றார் மாஸ்டர்.

"ஓம். கிணத்தடியில ஒரு வடிவான சாமான் கண்டனான். என்ர மகளுக்கு அனுப்பப் படம் எடுத்தன். பாருங்கோ."

கைப்பேசியில், சீமெந்தில் பதிந்த ஒரு குட்டி இடது கால். மாஸ்டர் விரல்களை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். ஆறு.

"என்ன மாஸ்டர், படம் காட்டுறாரோ?" பின்னால் செல்வமலர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "எனக்கும் ஒருக்காக் காட்டச் சொல்லுங்கோவன்."