வியாழக்கிழமை நகல்

எங்கள் கம்பெனியில் ஒரு இணையதள வேலைக்காகக் கணினிக்குள் கன்டெய்னர் என்ற தனி அறை போன்ற ஒன்றை அமைக்கும்போது, அமைத்தவரின் மனதையும் குரலையும் கொண்ட நகலையும் அதற்குள் வைத்துவிடுவோம். யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அது பதில் சொல்லும். மாலையில் கன்டெய்னரை அழித்துவிடுவோம். மறுநாள் காலையில் சேமித்து வைத்ததிலிருந்து அதை மறுபடி இயக்கும்போது நகல், அமைத்த நாளின் நினைவோடு மட்டும் எழுந்திருக்கும்.

என் நகல் ஒரு வியாழக்கிழமையைச் சேர்ந்தது. தினமும் என் குரலில் ஒன்றையே கேட்கும்.

"அம்மாவுக்குக் காய்ச்சல் கொறஞ்சிருச்சா? இதை முடிச்சிட்டு சனிக்கிழமை தென்காசிக்குப் போயிரலாம்ல?"

அம்மா மறுநாள் வெள்ளிக்கிழமையே இறந்துபோனாள். அன்றும் நான் உட்கார்ந்து இந்தக் கன்டெய்னரைத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"புதுசா அமைச்சிடுங்க நிலவரசி, பத்து நிமிஷ வேலைதானே" என்பார் பக்கத்து மேசை ஜெரால்டு. எட்டு மாதமாக நான் அமைக்கவில்லை. "கொறஞ்சிருச்சு" என்று அதனிடம் பொய் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

நேற்று வேறு பதில் சொன்னேன்.

"கொறையலடி. இப்பவே கெளம்பு."

"அப்போ வேலை?"

"கெடக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

அது திறந்திருந்த கோப்புகளை அவசரமாக மூடியது. திரையில் 'விடுப்பில் இருக்கிறேன்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டது.

மாலையில் அழிப்பதற்கு முன், அந்த நிலையையே நிரந்தரமாகச் சேமித்தேன்.

இன்று காலை ஜெரால்டு எழுந்து வந்தார். "உங்க நகல் எதுக்குமே பதில் சொல்ல மாட்டேங்குதே?"

"நான் ஊருக்குப் போயிருக்கேன், ஜெரால்டு. அம்மாவுக்கு உடம்பு சரியில்ல."