கோழிக்குடலா, நீல சோப்பா

"முதுகு பிளக்குது, அண்ணே. சீக்கிரம் சொல்லுங்க. கோழிக்குடலா, நீல சோப்பா?"

விடிந்ததிலிருந்து தண்ணீர் சுமந்த இடுப்பைக் கையால் அழுத்திக்கொண்டே கேட்டாள் சோல்வே. பொந்தன்புளி மரத்தடியில் அவள் முன்னால் இரண்டு தகர டப்பாக்கள். ஒன்றில் ஈ மொய்க்கும் குடல். இன்னொன்றில் கட்டைவிரல் கனத்துக்கு அறுத்து வெயிலில் காயவைத்த துணி சோப்பு. ஸம்பேசி ஆற்றில் தூண்டில் போட வருகிறவர்களுக்கு அவள்தான் இரை விற்கிறாள்.

சிமூன்சா டப்பாக்களைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான், பிறகு ஆற்றைப் பார்த்தான்.

"நீங்களே சொல்லுங்க."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. பெரிய கெளுத்தி வேணும்னா சோப்பு. குடலைப் போட்டா குஞ்சு குளுவானெல்லாம் வந்து கொத்தித் தின்னுட்டுப் போயிரும்."

பக்கத்தில் கருவாடு பரப்பியிருந்த மைம்போ சிரித்தாள். "இவர் எந்த மீனுக்கு வந்திருக்கார்னு கரைக்கே தெரியும், உனக்குத்தான் தெரியல. அண்ணேன்னு கூப்பிட்டா ஓடிருவார்னு பாக்கறே. மூணு வாரமா ஓடலையே!"

"உன் வாயில சோப்பைத் திணிக்க."

சிமூன்சாவுக்குக் காது சுட்டது. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். சாயங்காலம் வடக்கே போகிற லாரியில் இடம் கேட்டு வைத்திருந்தான். லீவு முடிகிறது, அதை விட்டால் வேலை போய்விடும். மூன்று வாரமாக வாய்வரை வருகிற பேச்சு, ஒவ்வொரு தடவையும் 'எந்த இரை நல்லது' என்று மாறித்தான் வெளியே விழுகிறது.

"சோப்பே கொடுங்க."

சோல்வே ஒரு துண்டை எடுத்துப் பழைய துணியில் முடிந்து கொக்கியில் கோத்தாள். "வெறுமனே கோத்தா கரைஞ்சிரும். அந்தப் பள்ளத்துல உட்காராதீங்க, நேத்து முதலை கிடந்துச்சு. மேட்டுக்கு வாங்க."

அவன் கல் கட்டிய கயிற்றைச் சுழற்றி ஆழத்தில் எறிந்தான். மறுமுனையைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டான்.

சோல்வே அந்தக் காலையே பார்த்தாள். "இதை எங்க கத்துக்கிட்டீங்க?"

"எதை?"

"கட்டைவிரல்ல கயிறு சுத்துறதை. இந்தக் கரையில என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான் அப்படிச் செய்வார். தூங்கினாலும் மீனே எழுப்பிவிட்டுரும்பார்."

அவன் அவசரமாகக் கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்தான். "யாரோ சொன்னாங்க."

"சுத்திக்கங்க. கோவிச்சுக்கல. பாத்து ரொம்ப நாளாச்சு, அதான்."

அவள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். "அவர் சோப்பை மோந்து பாத்துத்தான் அறுப்பார். கெளுத்திக்கு மூக்குதான் கண்ணுன்னு சொல்வார். நான் துணி துவைச்ச கையோட களி கிண்டிப் போட்டா, 'ஆத்துப்பக்கம் போயிராதடி, கெளுத்தி உன்னை இழுத்துட்டுப் போயிரும்'னு சிரிப்பார். அவர் போனப்புறமும் நான் வேற சோப்பு வாங்கல. ராத்திரி தலைமாட்டுல ஒரு துண்டு வச்சாத்தான் தூக்கம் வருது. பைத்தியம்னு நினைக்காதீங்க."

"எப்ப வர்றேன்னார்?"

"மழைக்கு முன்னாடி."

"எந்த மழைக்குன்னு கேளுங்க தம்பி," என்றாள் மைம்போ. "இவ புருஷன் முடெண்டா செம்புச் சுரங்கத்துக்குப் போனப்புறம் எத்தனையோ மழை பேஞ்சு ஓஞ்சாச்சு."

கயிறு விறைத்தது.

சிமூன்சா எழுந்து இழுத்தான். கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. சோல்வே பின்னாலிருந்து கயிற்றைப் பிடித்து, குதிகாலை மண்ணில் ஊன்றினாள். "விட்டுப் பிடிங்க! மல்லுக்கட்டாதீங்க, அது களைக்கட்டும்!" இருவரும் விட்டார்கள், இழுத்தார்கள், விட்டார்கள். கடைசியில் சேற்றில் புரண்டு வந்தது, ஒரு பிள்ளை உயரத்துக்குக் கெளுத்தி. வாயோரம் சோப்பு நுரை.

சோல்வே மூச்சு வாங்கச் சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து அவன் பார்த்ததில்லை.

இப்போதுதான் சொல்ல வேண்டும்.

"சோல்வே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

சிரிப்பு நின்றுவிட்டது. "வேணாம். நீங்க நல்ல மனுஷன், அதனால முன்னாடியே சொல்லிடறேன். உங்களுக்கு முன்ன ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தன் என் வீட்டுக்காரர் செத்துட்டார்ன்னான். இன்னொருத்தன் அங்க வேற குடும்பம் வச்சிருக்கார்ன்னான். ரெண்டு பேரும் அடுத்த மூச்சுல, என்னைக் கட்டிக்கிறேன்னாங்க. இரை விக்கிறவளுக்கே இரை போடறாங்க. இனி அவரைப் பத்தி எவன் எதைச் சொன்னாலும் இந்தக் காதுல ஏறாது."

சிமூன்சா மீனைப் பார்த்தான். அது வாயைத் திறந்து திறந்து மூடியது.

"மீனையாவது வச்சுக்கங்க," என்றான் கடைசியில்.

"வேற ஆம்பள பிடிச்ச கெளுத்தி என் சட்டியில ஏறினா, நான் உங்க வீட்டுக்காரின்னு ஊரே முடிவு பண்ணிரும். எடுத்துட்டுப் போங்க அண்ணே. அவர் வந்து பிடிச்சுப் போடுவார்."

பொழுது சாய, மக்காச்சோள மூட்டைகளின் மேல் மீனோடு ஏறி உட்கார்ந்தான் சிமூன்சா. லாரி வடக்கே திரும்பியது.

சுரங்கத்தில் தினமும் அவனோடு ஒரே கூண்டில் இறங்குகிற முடெண்டா, புது மனைவி பெற்ற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவனிடம் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான்: "நான் திரும்ப மாட்டேன், காத்திருக்க வேணாம்னு சோல்வேகிட்டச் சொல்லிடு." அந்தச் சொல்லை அவளிடம் சேர்க்காமலே போகிறான், அது இன்னும் அவன் அவளுக்குப் பட்ட கடன்.